‘குப்பம்’ என்ற சொல்லின் பொருளையும் பிறப்பையும் ஆராய்வது எப்படி? வடசென்னைக் கரையோர மக்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவொற்றியூரிலிருந்து வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வரை கடலோரமாகச் சென்றால், திருவொற்றியூர்க் குப்பம், ஒண்டிக்குப்பம், நல்லதண்ணீர் ஓடைக்குப்பம், பெரியகுப்பம், சின்னக்குப்பம், எர்ணாவூர்க் குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் என ஒரே சொல்லில் முடியும் ஊர்கள் பல வருகின்றன. ஆனால், ‘குப்பம்’ என்றால் என்ன பொருள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் பலரும் தயங்குகிறார்கள். நகரத்தின் பிற பகுதிகளில் இச்சொல் குடிசைப் பகுதி என்ற பொருளில் ஆளப்படுவதும், அதைவிடக் கொடுமையாகக் குப்பையோடு சேர்த்துப் பேசப்படுவதுமே அந்தத் தயக்கத்துக்குக் காரணம். பிறந்த ஊரின் பெயரைச் சொல்ல ஒரு பிள்ளை கூச்சப்படுவது வருத்தத்துக்குரியது. அக்கூச்சத்தைப் போக்க ஆறுதல் மொழி போதாது, சான்றோடு கூடிய விளக்கம் வேண்டும். அந்த விளக்கத்தை நீங்களே தேடி அடைவதற்கான முறையை இங்கே எழுதியிருக்கிறேன். பாக்கம், பாடி, சேரி, பேட்டை என எந்த ஊர்ப்பெயர் ஈற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

முதல் வேலை, ஊர்ப்பெயரின் தமிழ் வடிவத்தைச் சரியாக எழுதிக்கொள்வது. பெயர்ப்பலகை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு, கோயில் அழைப்பிதழ் ஆகிய ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஊருக்கு மூன்று எழுத்துமுறைகள் கிடைத்தால் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எது பழையது என்பது பின்னால்தான் தெரியும். ஆங்கில எழுத்துகளில் உள்ள வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொருள் தேடக் கூடாது. நுங்கம்பாக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஏடுகளில் ‘லுங்கம்பாக்கம்’ என்றும் எழுதப்பட்டிருக்கிறது; அதை நம்பிப் புறப்பட்டவர் எங்கேயோ போய்ச் சேர்வார். எனினும் ஆங்கில வடிவத்தை அறவே தள்ளிவிடவும் வேண்டாம். எழுதியவரின் காதில் அன்று விழுந்த ஒலியை அது சில வேளைகளில் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, பெயரை இலக்கணப்படி பிரிக்க வேண்டும். இதில் பொறுமை தேவை. தாழங்குப்பம் என்பதைத் ‘தாழ்ந்த குப்பம்’ என்று விளக்குகிறவர்கள் உண்டு, அது பிழை. மரஞ்செடிப் பெயர்களோடு இன்னொரு சொல் சேரும்போது நடுவில் ‘அம்’ என்னும் சாரியை (இரு சொற்களை இணைக்கும் சிறு சொல்) வருவது தமிழின் பழைய வழக்கம். பனை, காய் இரண்டும் சேர்ந்து பனங்காய் ஆவதும், தாழையும் பூவும் சேர்ந்து தாழம்பூ ஆவதும் இவ்வாறே. புளிய மரத்துக்கு ‘அம்’ சாரியை வரும் என்று தொல்காப்பியம் தனியாகவே ஒரு விதி சொல்கிறது. நம் புளியந்தோப்பு அதற்கு இன்றும் சான்றாக நிற்கிறது. எருக்கஞ்சேரியில் இருப்பது எருக்கு. அவ்வாறே தாழங்குப்பத்தில் இருப்பது தாழை, அதாவது கடலோர மணலில் வேலி கட்டினாற்போல் வளரும் அந்த முட்செடி. ஆனால், ‘ங்’ என்ற எழுத்தைக் கண்டவுடன் செடியைத் தேடிப் புறப்பட்டுவிடக் கூடாது. மணலியை அடுத்த சடையங்குப்பத்தில் உள்ளது ‘சடையன்’ என்ற ஆட்பெயராக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அங்கே ‘ன்’ என்ற எழுத்து அடுத்து வரும் ‘கு’வின் முன் ‘ங்’ ஆகத் திரிந்திருக்கிறது. எனவே, பிரித்துப் பார்க்கும்போது சாத்தியமான எல்லாப் பிரிப்புகளையும் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த படிகளில் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வருவதுதான் முறை.

முன்பகுதியைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் ‘குப்பம்’ என்பதற்கு அகராதியைத் திறக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டு, 1939இல் பிற்சேர்க்கையும் கொண்டுவந்த தமிழ்ப் பேரகராதியில் தொடங்குவது நல்லது. இணையத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். அதைவிடப் பழைய அகராதிகளையும் விட்டுவிடக் கூடாது. 1779இல் நம் வேப்பேரியிலேயே அச்சான பப்ரீசியுசின் அகராதியும், 1862இல் வெளியான வின்சுலோவின் அகராதியும் அந்தந்தக் காலத்தில் ஒரு சொல் எந்தப் பொருளில் வழங்கியது என்பதைக் காட்டுபவை. அகராதியில் ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், அதன் முன்னும் பின்னும் உள்ள சொற்களையும் படிக்க வேண்டும் என்பதையே நான் அழுத்திச் சொல்வேன். குப்பம் என்ற சொல்லின் அக்கம்பக்கத்தில் குப்பல், குப்பை ஆகியவை இருக்கின்றன. சற்றுத் தள்ளிக் குவி, குவை, குவியல் ஆகியவை இருக்கின்றன. இவை எல்லாவற்றிலும் ஒன்றுசேர்ந்து திரள்வது, குவிவது என்ற பொருளே ஓடுகிறது.

இங்கே குப்பையைக் கண்டு மனம் தளர வேண்டாம். குப்பை என்பதற்குக் கழிவு என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். முதற்பொருள் குவியல் என்பதே. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. நெல்லைக் கழிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உழவர்கள் ‘வயலுக்குக் குப்பை அடிக்க வேண்டும்’ என்று சொல்லும்போது குறிப்பது குவித்து மக்கவைத்த எருவை.

இந்தப் பொருளுக்கு இலக்கியச் சான்று தேடுவோர் நெய்தல் பாடல்களைப் புரட்ட வேண்டும். நற்றிணையின் 331ஆம் பாடல் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று படிப்பதற்கென்றே எழுதப்பட்டது போன்றது. உழாமலே விளைவிக்கும் உப்பு உழவர்கள், வண்டி கட்டிக்கொண்டு வரும் உமணரை (உப்பு வணிகரை) எதிர்பார்த்துக் கானலில் (கடற்கரைச் சோலையில்) உப்பைக் குவித்து வைத்திருக்கிறார்கள். பாடல் அதனைக் ‘கானல் இட்ட காவற் குப்பை’ என்று சொல்கிறது. மீன் காயும் இடத்தில் பறவைகளை விரட்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் தோழியரோடு அந்தக் குப்பையின்மேல் ஏறி நின்று, வேட்டைக்குப் போன தந்தையரின் திமில்களை (மீன்பிடி படகுகளை) ‘எந்தை திமில், இது நுந்தை திமில்’ என்று எண்ணுகிறார்கள். உப்பும், உலரும் மீனும், கடலுக்குப் போன தகப்பனுக்காகக் கரையில் காத்திருக்கும் மகளும் அப்பாடலில் இருக்க, குப்பை என்பதும் உப்புக் குவியலாகவே நிற்கிறது. குப்பைக்கே அன்று இழிவுப் பொருள் இல்லாதிருக்க, அதற்கு உறவான குப்பத்துக்கு இழிவு எங்கிருந்து வரும்?

தமிழோடு நின்றுவிடாமல் உறவுமொழிகளையும் பார்க்க வேண்டும். பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்டு, 1984இல் திருத்திய இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இதற்கு உதவும். தெலுங்கில் ‘குப்ப’ என்றால் நெற்போர், வைக்கோற்போர் போன்ற குவியல். தெலுங்கு பேசும் குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம் என்பதால், இதைச் சரிபார்க்கப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டாலே போதும். ஒரு சொல் இரண்டு மூன்று உறவுமொழிகளில் ஒத்த பொருளோடு கிடைக்கும்போது, அது இடையில் யாரோ கட்டிய சொல் அன்று, பழைய வேரிலிருந்து வந்தது என்று துணிந்து சொல்லலாம். மேலும், குப்பம் கடற்கரைக்கு மட்டும் உரியதும் அன்று. ஆந்திர எல்லையில் குப்பம் என்றே ஒரு நகரம் இருக்கிறது. கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பம் இருக்கிறது. ஆகவே, ‘குப்பம் என்றால் மீனவர் ஊர்’ என்பது நம் கரைக்கு மட்டும் பொருந்தும் வழக்கு. வேர்ப்பொருள் ‘வீடுகள் ஒன்றுசேர்ந்த இடம்’ என்பதாகவே இருக்க வேண்டும். திரண்டு அமைந்த வீடுகளைக் குறித்த சொல், இங்கே பரதவர் குடியிருப்புகளுக்கு நிலைத்துவிட்டது.

பெறப்பட்ட பொருள் இயல்பானதுதானா என்று அறிய, அதே வகையைச் சேர்ந்த வேறு சொற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேரி என்ற சொல் ‘சேர்’ என்பதிலிருந்து வந்தது. சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, அந்தணர் ஊரான அதனை 30 குடும்புகளாகவும் (வட்டாரப் பிரிவுகளாகவும்) 12 சேரிகளாகவும் சொல்கிறது. தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் வருகின்றன. ஆக, சோழர் காலத்தில் சேரி என்பது எவர் குடியிருப்புக்கும் பொதுவான சொல். பின்னாளில் சமூகம் சிலரை ஒதுக்கியபோது, அவர்கள் இருந்த இடத்தின் பெயரையும் சேர்த்து ஒதுக்கியது. சொல்லின் பிறப்பில் எந்தக் குறையும் இல்லை. வடமொழியிலிருந்து வந்த கிராமம் என்ற சொல்லும் இவ்வாறே திரளையும் கூட்டத்தையும் குறிப்பது. தமிழிலும் புலன்களின் தொகுதியை ‘இந்திரியக் கிராமம்’ என்று எழுதியிருக்கிறார்கள். கிராமம், சேரி, குப்பம் ஆகிய மூன்றும் ஒரே கருத்தில் பிறந்திருக்க, ஒன்று அரசு ஏட்டில் மதிப்போடு அமர்ந்துவிட்டது, மற்ற இரண்டும் வசைபோல ஆக்கப்பட்டுவிட்டன. இதை உங்கள் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

பொருள் தெரிந்தபின் காலத்தைக் கணிக்க வேண்டும். ஐந்திணைகளுக்கு ஊர்ப்பெயர் வகுத்த பழைய இலக்கண மரபு, நெய்தலுக்குப் பட்டினம், பாக்கம் என்ற இரண்டையும் தருகிறது. குப்பம் அதில் இல்லை. சிலப்பதிகாரத்தின் புகார் நகரமும் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்றே பிரிந்து நிற்கிறது. நம் கரையில் அந்தப் பழைய அடுக்குக்குச் சான்றாக இருப்பது கத்திவாக்கம். அங்கே பாக்கம் என்பதன் ‘ப’ ஒலி ‘வ’ ஆகியிருக்கிறது. வில்லிவாக்கமும் புரசைவாக்கமும் அதே மாற்றத்தைக் காட்டுகின்றன. இனி நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். எர்ணாவூர் என்று ஊர், அதன் கடலோரத்தில் எர்ணாவூர்க் குப்பம், எண்ணூர் என்று ஊர், அதற்கு எண்ணூர்க் குப்பம், திருவொற்றியூருக்கும் அவ்வாறே. தென்சென்னையில் கொட்டிவாக்கமும் கொட்டிவாக்கம் குப்பமும் இருக்கின்றன. ஊர், பாக்கம் என்ற பழைய ஈறுகள் தாய்க்கிராமத்துக்கும், குப்பம் அதன் கரையோரக் குடியிருப்புக்கும் வழங்கும் இந்த இணையமைப்பு, உங்கள் ஊரிலும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், குப்பத்தின் பழைய செய்திகளைத் தாய்க்கிராமத்தின் பெயரில்தான் ஆவணங்களில் தேட வேண்டும். குப்பத்தின் பெயரைக் காணவில்லையே என்று திரும்பி வந்தவர்கள் பலர், இந்த ஒன்றைச் செய்யத் தவறியவர்கள்.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்? சோழர் காலத்துக்குத் திருவொற்றியூர்க் கோயிலின் கல்வெட்டுகள் இருக்கின்றன. நம் பகுதி அவற்றில் சயங்கொண்ட சோழமண்டலத்துப் புழற்கோட்டம் என்று வரும். மத்திய அரசின் தொல்லியல் துறை அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் அவற்றைப் படிக்கலாம். கம்பெனிக் காலத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். கம்பெனிக்கு வழங்கப்பட்ட கிராமங்களின் பட்டியல்கள் நமக்கு மிகவும் பயன்படுபவை. 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவையும், 1708இல் திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகியவையும், 1742இல் வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையங்குப்பம் ஆகியவையும் கைமாறின. சடையங்குப்பம் 1742லேயே தனிக்கிராமமாகப் பட்டியலில் ஏறியிருப்பதைக் கவனியுங்கள். குப்பம் என்ற ஈறு இப்பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே நிலைபெற்றுவிட்டது என்பதற்கு இந்த ஒரு பதிவே போதும். 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு சாகீர்ப் பகுதியில் (நவாபு கம்பெனிக்கு மானியமாக விட்ட நிலப்பகுதியில்) ஆங்கிலப் பொறியாளர் பர்னார்டு நடத்திய கிராமக் கணக்கெடுப்பும் ஊர்ப்பெயர் ஆய்வுக்குப் பெரும் புதையல்.

ஆண்டுகளைக் குறித்துக்கொள்வதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இங்கே தங்கியதால் தொண்டியார்பேட்டை என்றாகி, அதுவே தண்டையார்பேட்டை ஆயிற்று என்று பலரும் எழுதுகிறார்கள். மஸ்தான் சாகிபு வடசென்னை மக்கள் சமயம் கடந்து போற்றும் ஞானி. அவருடைய பாடல்களும் அடக்கத்தலமும் இப்பகுதியின் பெருமைகள். ஆனால் அவர் பிறந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஊரோ 1693ஆம் ஆண்டின் வழங்கலிலேயே இருக்கிறது. அவர்மீதுள்ள அன்பினால் மக்கள் பெயரைப் பின்னாளில் அவரோடு இணைத்துப் பார்த்திருக்கலாம். அவரால் அப்பெயர் பிறந்திருக்க முடியாது. எந்த ஊர்க்கதையையும் இவ்வாறு ஆண்டோடு பொருத்திப் பார்த்துவிட்டே ஏற்க வேண்டும்.

ஏட்டு வேலை முடிந்தபின் கரைக்குச் செல்லுங்கள். பெயரில் உள்ள செடி, நீர், மேடு, கோயில் ஆகியவை நிலத்தில் இருக்கின்றனவா, இருந்ததாக யாருக்காவது நினைவிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகத்துவாரக்குப்பத்துக்கு விளக்கமே வேண்டாம். கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் வாயில் அது நிற்கிறது. நல்லதண்ணீர் ஓடைக்குப்பத்தின் பெயர், உவர்நீர்க் கரையில் குடிநீர் எவ்வளவு அரிய செல்வம் என்பதைச் சொல்கிறது. அந்த ஓடை எவ்வழி ஓடியது என்று கேட்டு, படம் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால், நம் கரையில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் 1870களின் பிற்பாதியில் எழத் தொடங்கியபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணல் சுவரில் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கரை அரிக்கப்பட்டது. தெருக்களும் கோயில்களும் கடலுக்குள் போயின. மக்கள் உள்ளே நகர்ந்து வீடு கட்டிக்கொண்டபோது, ஊர்ப்பெயரையும் உடன் கொண்டுசென்றார்கள். ஆகவே, தாழங்குப்பத்தில் இன்று தாழை குறைந்திருப்பதோ, ஓர் ஊரின் பெயரில் உள்ள மேடு இன்று தென்படாததோ பெயருக்கு எதிரான சான்று ஆகாது. பழைய ஊர் எங்கே இருந்தது என்று முதலில் கேட்டுவிட்டு, அந்த இடத்தோடு பெயரைப் பொருத்துங்கள்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். ‘உங்கள் ஊர்ப்பெயருக்கு என்ன அர்த்தம்?’ என்று நேராகக் கேட்டால், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஒரு கதை அங்கேயே உருவாகிவிடும். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரின் அருகில் அமர்ந்து, ‘ஐயா, உங்க அப்பா காலத்துல கட்டுமரத்தை எங்க ஏத்துவாங்க?’ என்று தொடங்குங்கள். மீன் காயவைக்கும் அம்மையாரிடம், ‘ஆயா, நீங்க சின்னப் புள்ளயா இருந்தப்ப கோயில் எங்க இருந்துச்சு? தண்ணி எங்கபோய் எடுத்தீங்க?’ என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேட்பது கட்டாயம். தண்ணீர், விறகு, சந்தை ஆகியவற்றின் பாதைகளில் வழங்கிய சிற்றிடப் பெயர்கள் அவர்களிடமே தங்கியிருக்கின்றன. கடலுக்குள் உள்ள பாடுகளின் (மீன்பிடி இடங்களின்) பெயர்களை ஆண்கள் சொல்வார்கள். சொன்னவரின் சொல்லை அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள். ‘திருத்தமான’ தமிழாக மாற்றிவிடக் கூடாது. குரலைப் பதிவு செய்வதானால் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

முடிவில், கண்டறிந்ததை எழுதும்போது ஒவ்வொரு கூற்றுக்கும் அதன் வலிமையைக் குறிக்க வேண்டும். எழுத்துச் சான்றும் இலக்கணமும் நிலமும் ஒத்துவந்தால் ‘உறுதி’ என்றும், இவற்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் ‘வாய்ப்பு’ என்றும், கேட்டது மட்டுமே என்றால் ‘செவிவழி’ என்றும் எழுதலாம். செவிவழிக் கதையைத் தூக்கி எறியாதீர்கள். மக்கள் தம் ஊரை எப்படி நினைக்கிறார்கள் என்பதற்கு அதுவே ஆவணம். தாழங்குப்பத்துக்கு ஒரு குறிப்பு எழுதுவதானால் இவ்வாறு அமையும்: ‘தாழை, அம் சாரியை, குப்பம் எனப் பிரியும், தாழை வளர்ந்த கரையில் வீடுகள் திரண்ட ஊர் என்பது பொருள், குப்பம் என்பதற்குக் குவி, குப்பல், குப்பை ஆகியவை உறவு, தெலுங்கிலும் ஒப்புச்சொல் உண்டு, பிரிப்பு உறுதி, வேர்ப்பொருள் வலுவான வாய்ப்பு.’ இதன் கீழே, எந்த நாளில் யாரிடம் கேட்டது என்பதைச் சொன்னவர் விரும்பும் அளவுக்கு மட்டும் எழுதுங்கள். ஒரு படியை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர்கள் காட்டும் திருத்தங்களைச் சேர்த்தபின், இன்னொரு படியை அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.